பார்த்ததுக்கெல்லாம் காசா?

சிக்னலில் நிற்கும் கார் உதறுகிறது. ஸ்டியரிங் நடுங்குகிறது, கியர் லீவர் தலையாட்டுகிறது, டேஷ்போர்டில் ஒட்டவைத்த பிள்ளையாரும் கூடச் சேர்ந்து ஆடுகிறார். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் உதறல். மெக்கானிக் பாஷையில் சொன்னால், "ஐடிலிங் சரியில்ல, மிஸ்ஸிங் அடிக்குது".

ராயபுரத்தில் ஆரம்பித்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் ஷெட்டுகளில் எதில் கொண்டுபோய் நிறுத்தினாலும் பெரும்பாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான். "பிளக்க மாத்திடலாம் சார்." மாற்றியாச்சு. இரண்டு நாள் நன்றாக ஓடுவது மாதிரி ஒரு பிரமை. மூன்றாம் நாள் பழையபடி. "அப்ப காயிலா இருக்கும்." அதையும் மாற்றியாச்சு. அப்புறம் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், அதற்கும் அப்புறம் ஏதோ ஒரு சென்சார். பில் ஏறிக்கொண்டே போகும், உதறல் இறங்காது. கடைசியில் யாரோ ஒரு பெரியவர் பானெட்டுக்குள் கையை விட்டுத் தடவி, சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸைப் பிடுங்கிக் காட்டுவார். நுனியில் வெடிப்பு. மொத்த வியாதியும் அதுதான்.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் திட்டுவது மெக்கானிக்கை. "ஏமாத்துக்காரப் பசங்க." சில பேர் அப்படித்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கட்டுரை கூண்டில் ஏற்றப்போவது அவரை அல்ல, கார்காரரை. (கார் வைத்திருக்கும் வகுப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்ளவும்.) ஷெட் வாசலில் நின்று அவர் கேட்கும் ஒரே ஒரு கேள்விதான் குற்றச்சாட்டு: "சும்மா பார்த்ததுக்கெல்லாம் காசா?"

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெக்கானிக் ஒன்றரை மணி நேரம் செலவழித்து, ஒவ்வொரு ஹோஸாகத் தடவி, ஒவ்வொரு சிலிண்டராகச் சோதித்து, அந்த வெடித்த ஹோஸைக் கண்டுபிடிக்கிறார். ஹோஸ் விலை 80 ரூபாய். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம். அவர் பில்லில் "ஹோஸ் 80, கூலி 600" என்று எழுதினால் என்ன நடக்கும்? "அஞ்சு நிமிஷ வேலைக்கு அறுநூறா?" என்று தெருவே கூடும். அதனால் கூலி 100 என்று எழுதி அனுப்பிவிடுவார். அதே மெக்கானிக் ஒன்றையுமே பார்க்காமல் நாலு பிளக்கும் நாலு காயிலும் மாற்றியிருந்தால்? சாமான் கடையில் அவருக்கு ஒரு மார்ஜின், ஒவ்வொன்றையும் மாற்றிய கூலி, கூடவே பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தால் கார்காரருக்கும் ஒரு திருப்தி. "நிறைய வேல பாத்துருக்காரு பாவம்."

ஆக, மூளையைச் செலவழித்தவருக்கு 180 ரூபாய் பில். செலவழிக்காதவருக்கு ஆயிரக்கணக்கில் பில். காஸ்டிங் பேப்பரில் அரியர் வைத்திருப்பவருக்குக்கூட இதில் எது லாபம் என்று தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறாத வேலையை எத்தனை நாளைக்கு ஒருவர் செய்துகொண்டிருப்பார்?

இது வடசென்னையின் தனி நோய் இல்லை. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரையை எகனாமிக்ஸ் எடுத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடிவிடும் என்றார். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில சேவைகளில், வேலை முடிந்த பிறகும்கூட அது தேவையான வேலையா என்று வாங்கியவரால் தெரிந்துகொள்ள முடியாது; நம்புவதைத் தவிர வழியில்லை. ரிப்பேர் வேலை அந்த ரகம். உதறல் நின்றது காயில் மாற்றியதாலா, காயிலை மாற்றும்போது பக்கத்தில் கழன்றிருந்த ஹோஸ் தற்செயலாக இறுகியதாலா? கார்காரருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் 1992-ல் இது பெரிய ஊழலாகவே வெடித்தது. சியர்ஸ் கம்பெனியின் கார் சர்வீஸ் சென்டர்களில் தேவையில்லாத ரிப்பேர்களைத் தலையில் கட்டுகிறார்கள் என்று கலிஃபோர்னியா அரசு குற்றம் சாட்டியது. மாறுவேஷத்தில் கார்களை அனுப்பிப் பிடித்தார்கள். தோண்டிப் பார்த்தால் காரணம் சம்பள முறை. விற்ற சாமானுக்கு ஏற்ப ஊழியர்களுக்குக் கமிஷன், தலைக்கு இத்தனை என்று இலக்கு. கம்பெனி பிறகு அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே இருந்தது கோட்டு சூட்டு போட்ட நிர்வாகம், கம்ப்யூட்டர், பளபளக்கும் தரை. கிரீஸ் படிந்த தகர ஷெட் இல்லை. கூலி கொடுக்கும் விதம் தப்பாக இருந்தால் பளிங்குத் தரையிலும் அதேதான் நடக்கும்.

ஆனால் கார்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் டாக்டரிடம் ஃபீஸ் கொடுத்துவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் தனியாகக் கட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல, நார்மல்" என்று சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறார். டி.வி. ரிப்பேர் கடையில் செக்கிங் சார்ஜ் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார். ஜாதகத்தைப் பார்த்ததற்குத் தட்சணை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறார். எஞ்சினைப் பார்த்ததற்கு மட்டும் காசு கிடையாதாம்!

சரி, அந்த "பார்ப்பது" என்றால் என்ன? சும்மா பானெட்டைத் திறந்து உற்றுப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பதில்தான் பாதிப் பிரச்சினை.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 1,600 சின்ன வெடிப்புகள். ஒன்றோடொன்று சமமாக இருந்தால் அது உறுமலாகக் கேட்கும், ஒன்று சோர்ந்தால் உதறலாகக் கையில் தெரியும். வேகமாக ஓடும்போது வெடிப்புகள் நெருக்கமாகிவிடும், கனமான ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து குறையை மூடி மறைத்துவிடும். ஐடிலில் மறைக்க எதுவும் இல்லை. த்ராட்டில் வாய் கிட்டத்தட்ட மூடியிருக்கும் நேரம் அது. உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில், வெடித்த ஹோஸ் வழியாகத் திருட்டுத்தனமாக நுழையும் காற்று பெரிய பங்கு. அறுபதில் போகும்போது அதே ஓட்டை கணக்கிலேயே வராது. மிதித்தால் சரியாகி, காலை எடுத்தால் உதறுவது ஏன் என்பதற்கு இதுதான் விளக்கம். ஆரம்பத்திலேயே கார் ஒரு பெரிய துப்பைக் கொடுத்துவிட்டது. காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

முதல் கேள்வியே எஞ்சின் உண்மையில் உதறுகிறதா என்பதுதான். ஆர்.பி.எம். முள் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, எக்ஸாஸ்ட் சத்தம் சீராக இருக்கிறது, ஆனால் சீட் மட்டும் நடுங்குகிறது என்றால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். பிளக்கைத் தங்கத்தில் செய்து போட்டாலும் அது நிற்காது. இன்னொன்று, இந்தியாவில் ஓடும் சின்னக் கார்களில் பல மூன்று சிலிண்டர் வண்டிகள். பழைய மாருதி 800 அப்படித்தான். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு சின்ன ஆட்டம் உண்டு. அது வியாதி இல்லை, குணம். நாலு சிலிண்டர் காரிலிருந்து இதற்கு மாறியவர் "வண்டி நடுங்குது" என்று ஷெட் ஷெட்டாக அலைவது தனிக் காமெடி.

(அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம். திருவொற்றியூர்க்காரர்களுக்கு உதறலின் மேல் ஒரு பாசம் உண்டு. 1955-ல் வந்த என்ஃபீல்டு உபயம். பழைய புல்லட்டின் ஐடிலிங்கைக் குறைத்து வைத்து, டப்... டப்... டப்... என்று நின்று நின்று துடிக்கவிடுவது இங்கே ஒரு கலை. அது ஒற்றை சிலிண்டர், அதற்கு அழகு. அதே காதை வைத்துக்கொண்டு காரைக் கேட்கக் கூடாது.)

உதறல் எஞ்சினில்தான் என்று உறுதியானால், எந்தச் சிலிண்டர் என்பது அடுத்த கேள்வி. இந்தப் பகுதியின் பழைய லாரி மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அசோக் மோட்டார்ஸ் 1948-ல் ஆரம்பித்து எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பிறகு லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன ஊர் இது. டீசல் எஞ்சின் சத்தத்தில் வளர்ந்த தலைமுறை. பழைய லாரியானாலும் காசிமேட்டு விசைப்படகானாலும் அவர்கள் செய்வது ஒன்றுதான். எஞ்சின் ஓடும்போதே நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறும். எதைத் தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு காது, பத்து நிமிடம். ஒரு சாமானும் வாங்காமல் குற்றவாளியின் விலாசம் கிடைத்துவிட்டது. (இன்றைய காமன் ரெயில் டீசல் வண்டியில் இதை யாரும் முயற்சி செய்துவிட வேண்டாம். அந்தப் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

இதே தர்க்கம் இன்றைய பெட்ரோல் காரிலும் உண்டு, இன்னும் சுலபமாக. ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் ஒன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். காயிலை வாங்க ஓட வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியானால், ஒன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டில் போட்டு, இரண்டில் இருந்ததை ஒன்றில் போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் திருடன், கூடவே வந்துவிட்டான். மாறாமல் 0301-லேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றலாம். கழற்றிய பிளக்கின் முகத்தைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரியும். கருப்பாகப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ, வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் பற்றாமல் சூடாக எரிகிறது. அதுவும் இல்லையா, கம்ப்ரஷன் கேஜ். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கீழே காட்டினால், அதில் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி சோதிப்பது. முள் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும்.

இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. நேரம் தேவை. அந்த நேரத்துக்குத்தான் யாரும் காசு கொடுப்பதில்லை.

இப்போது ஸ்கேனர் பக்தர்கள் எழுந்து நிற்பார்கள். "கம்ப்யூட்டர்ல போட்டா எல்லாம் சொல்லிடுமே." சொல்லாது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது முதல் ஓ.பி.டி. என்ற தன் சோதனை அமைப்பு கார்களில் பரவியது, உண்மைதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் கோடு வரும். ஆனால் கோடு சொல்வது நோயின் அறிகுறி, மாற்ற வேண்டிய சாமானின் பெயர் அல்ல. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் புகார் கொடுத்திருக்கிறது. உடனே என்ன செய்கிறார்கள்? ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிப் புதுசு போடுகிறார்கள்! திருட்டைப் பார்த்துப் புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போடுகிற போலீஸ் மாதிரி. புது சென்சாரும் வந்து உட்கார்ந்து அதே புகாரைத்தான் கொடுக்கும்.

அதே ஸ்கேனரில் கோடுக்கு அடுத்த பக்கத்தில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. எஞ்சின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற சதவீதம் அது. பத்துக்குள் மேலே கீழே இருந்தால் பெரிதாகக் கவலையில்லை. ஐடிலில் இருபதைத் தாண்டி, 2,500 சுற்றில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் ஹோஸ் ஓட்டை அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை, பம்பு அல்லது ஃபில்டர் பக்கம் போக வேண்டும். இதிலும் ஒரு கண்டிஷன். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கார்களில், ஓட்டை வழியாக வந்த காற்றையும் சென்சார் கணக்கில் எடுத்துக்கொள்வதால், டிரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கலாம். எந்தக் கார் எந்த ரகம் என்று தெரிந்து வைத்திருப்பதும் "சும்மா பார்ப்பதில்" சேர்த்தி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில், எத்தனால். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாடு முழுக்க வந்த பிறகு, காற்று இறங்கிய டயருக்கும் அதுதான் காரணம் என்கிற நிலைமை. கார்பரேட்டர் வண்டிகளுக்கு அந்தப் புகாரில் நியாயம் உண்டு. எத்தனாலுக்கு எரியக் குறைந்த காற்று போதும், கார்பரேட்டருக்கோ அதை உணர்ந்து மாற்றிக்கொள்ளத் தெரியாது. அதனால் கலவை மெலிந்து ஐடிலிங் தள்ளாடும். பழைய ரப்பர் ஹோஸ்கள் கெடுவதும், ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேர்வதும் நடக்கக்கூடியதே. ஆனால் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள காரில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். செய்ததற்கான தடயம் டிரிமில், ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே மாதிரி தெரியும். அளந்து பார்த்துவிட்டு எத்தனாலைத் திட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஷெட்டுகளை விட்டுவிட்டு ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனால் தப்பிக்கலாமா? அங்கே உதறலுக்குப் பெயரே வேறு, "பேக்கேஜ்". த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரு விலை. த்ராட்டில் வாயில் கரி படிந்து ஐடிலிங் கெடுவது நிஜம், துடைத்துவிட்டு ஐடிலை மறுபடி பழக்கினால் சரியாவதும் நிஜம். கேள்வி அதுவல்ல. கழற்றிப் பார்த்து, கரி இருக்கிறது என்று காட்டிவிட்டுத் துடைத்தார்களா? அல்லது கிலோமீட்டரைப் பார்த்துவிட்டுப் பில் போட்டார்களா?

இதெல்லாம் ஏன் வடசென்னையில் இன்னும் முக்கியம் என்றால், இங்கே வண்டிகள் ஓடுவதைவிட நிற்பது அதிகம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் எண்ணூர் விரைவுச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, ஐடிலிங் என்பது வண்டியின் ஒரு நிலை அல்ல, வாழ்க்கை முறை :-) கடல் காற்றின் உப்பு கனெக்டர் பின்களை அரிக்கும். நிலக்கரித் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்ப் பக்கக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் ஏறிய வண்டியில் வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்து, பல மாதங்கள் கழித்துக்கூட உதறலாக வெளியே வரலாம். அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுக் காயில் போட்டு என்ன பயன்? பூத்துப்போன கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் அதில் விற்பதற்குச் சாமான் இல்லையே!

இவற்றில் அடிபடுவது யார் என்றும் பார்க்க வேண்டும். சொந்தக் கார்காரர் எரிச்சலோடு பஸ்ஸில் போய்விடுவார், அல்லது விம்கோ நகரில் மெட்ரோ ஏறிவிடுவார். டாக்ஸி ஓட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. வண்டி ஷெட்டில் நின்ற நாளுக்கு வருமானம் கிடையாது, தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். மூன்று முறை மூன்று சாமான் மாற்றினால் சாமான் விலையோடு மூன்று நாள் கூலியும் போச்சு. நாலாவது முறை காசில்லாமல் உதறலோடே ஓட்டுவார். எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்ட் வழியாகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகும். செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும், மினுக் மினுக்கென்று விட்டு விட்டு அடித்தால் வண்டியை ஓரம் கட்டியே ஆக வேண்டும் என்பது இதனால்தான். ஒரு காயிலில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும். எரியாத பெட்ரோலின் புகை யார் மூக்குக்குப் போகும் என்றால், மணலி சுத்திகரிப்பு ஆலையையும் அனல்மின் நிலையத்தையும் ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கும் அதே ஜனங்களின் மூக்குக்குத்தான்.

எனவே கோரிக்கை ஒன்றுதான். பில்லில் "பார்த்த கூலி" என்று தனி வரி வர வேண்டும். சாமானுக்கு முன்னால், முதல் வரியாக. கார்காரர் வண்டியைக் கொடுக்கும்போதே, "பார்த்துச் சொல்ல எவ்வளவு?" என்று கேட்டு, வியாதி என்ன என்று தெரிந்த பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். வேறு ஷெட்டில் மாற்றிக்கொள்ள நினைத்தாலும் அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பதிலுக்கு மெக்கானிக் ஆதாரம் காட்ட வேண்டும். மாற்றிப் போட்டதில் கோடு நகர்ந்ததா, டிரிம் முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு, கம்ப்ரஷன் எந்தச் சிலிண்டரில் எவ்வளவு. ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். ஆதாரம் இல்லாமல் மாற்றிய சாமான் தப்பாகப் போனால் அது அவர் செலவு.

"ஏழை டிரைவர் பார்த்த கூலிக்கு எங்கே போவார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் அவர் அதை இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், தேவையில்லாத காயிலுக்குள் ஒளித்து வைத்து. "நேர்மையில்லாத மெக்கானிக் பார்த்த கூலியையும் வாங்கிக்கொண்டு காயிலையும் மாற்றினால்?" என்பது அடுத்த கேள்வி. மாற்றுவார், சில பேர் நிச்சயம் செய்வார்கள். அப்போது இரண்டாவது ஷெட்டில் இன்னொரு முறை பார்த்த கூலி கொடுத்து ஒப்பிட்டுக்கொள்ள ஒரு வழியாவது இருக்கும். இன்றைக்கு அதுகூட இல்லை. பார்ப்பது மட்டும் தொழிலாக வைத்து ஒருவர் தண்டையார்பேட்டையில் கடை போட்டால் வாடகை கட்ட முடியாது. வியாதியைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருப்பது அதனால்தான்.

ஆரம்பத்தில் வந்த பெரியவர் ஹோஸைத் தேடிப் போனதும் மந்திரத்தால் அல்ல. அவர் முதலில் கேட்டிருப்பது இவ்வளவுதான்: "இன்னா சார், மெரிச்சா சரியாவுதா? காலெடுத்தா ஆடுதா? பிளக்கு புதுசா? அப்ப அத வுடு." மூன்று கேள்வி. அந்த மூன்றைக் கேட்கப் பழக அவருக்கு முப்பது வருடம் ஆகியிருக்கும். அவருக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு டீயும், "தேங்க்ஸ் பெரியவரே"யும்.